இன்சூரன்ஸ்காரன் அனுப்புற டப்பாவை கார்ல சொருகலாமா வேணாமா?

பிளேனோக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

ரெனியூவல் நோட்டீஸ் வந்ததுல இருந்து ரெண்டு நாளா தலைவலி. வீட்ல ரெண்டு கார், 2017 கேம்ரி, 2021 சிஆர்-வி. ஆறு மாசத்துக்கு 1,480 டாலர் கட்டிட்டு இருந்தேன், இப்ப 1,910ங்கறான். ஒரு ஆக்சிடென்ட் இல்ல, ஒரு டிக்கெட் இல்ல. ஏஜென்டுக்கு போன் போட்டா, டல்லாஸ் பக்கம் ஆலங்கட்டி மழைல கிளெய்ம் ஏறிப்போச்சு, எல்லாருக்கும்தான் ஏறியிருக்குன்னு ஒரு கதை சொல்லிட்டு கடைசில மெதுவா தூண்டில் போடுறார். நாம எப்படி ஓட்டறோம்னு பாக்குற சின்னதா ஒரு டிவைஸ் அனுப்புவாங்களாம், ஸ்டியரிங்குக்கு கீழ சொருகிடணுமாம், சொருகினதுமே 10 பர்சன்ட் குறையுமாம், நல்லா ஓட்டினா அடுத்த ரெனியூவல்ல இன்னும் குறையுமாம். நல்லா ஓட்டலைன்னா ஏறுமான்னு கேட்டேன். "பெரும்பாலும் ஏறாது சார்"ங்கறார். அந்த 'பெரும்பாலும்'தான் இடிக்குது. யாராவது போட்டுப் பாத்திருக்கீங்களா? கேம்ரிக்கு மட்டும் போடலாமான்னு யோசனை.

பானெட்_திற

நான் இர்விங்ல கராஜ்ல வேலை பாக்குறேன், வாரத்துக்கு ரெண்டு மூணு கார்ல இந்த டப்பாவைப் பாக்குறேன். நீங்க சொல்ற அந்த ஓட்டைக்கு பேரு ஓபிடி-2 போர்ட், 1996 மாடல்ல இருந்து அமெரிக்கால விக்கிற எல்லா கார்லயும் கட்டாயம். அது வந்தது புகை கண்ட்ரோலுக்காக, இன்சூரன்ஸுக்காக இல்ல. 16 பின் இருக்கும், அதுல 16வது பின்ல கார் ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி கரண்ட் வந்துட்டே இருக்கும், 6லயும் 14லயும் காரோட உள் நெட்வொர்க். டப்பா அங்க உக்காந்துட்டு இப்ப ஸ்பீடு என்னன்னு கார்கிட்ட கேட்டுட்டே இருக்கும், வந்த பதிலை உள்ள இருக்கிற சிம் வழியா அனுப்பிடும்.

ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, ஊருக்குப் போறப்போ கழட்டி வச்சிட்டுப் போங்க. பேட்டரி கொஞ்சம் பழசா இருந்து கார் மூணு வாரம் ஏர்போர்ட்ல நின்னா இந்தத் துளி கரண்டே போதும், திரும்பி வந்து பெட்டியை டிக்கில வச்சிட்டு சாவியைத் திருப்பினா 'டிக் டிக்'னு மட்டும்தான் கேக்கும். ரெண்டாவது, எமிஷன் டெஸ்ட்டுக்கு வந்தா நாங்க அதே போர்ட்லதான் மெஷினை மாட்டணும், அதனால டப்பாவைக் கழட்டுவோம். கழட்டின நேரத்தையும் அது நோட் பண்ணிக்கும், உங்களுக்கு ஏன் கழட்டினீங்கன்னு எஸ்எம்எஸ் வரும், பயந்துடாதீங்க.

எடிசன்_மாமா

வேணாம். வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க. நமக்குக் குறைக்கறதுக்காக அவன் செலவு பண்ணி டப்பா அனுப்புவானா? அவ்வளவு நல்லவனா இருந்தா கிளெய்ம் போட்டப்போ ஏன் என் பம்பருக்கு ஜங்க்யார்டு பார்ட் போடச் சொன்னான்?

ராத்திரி_ஷிப்ட்

நான் ஹூஸ்டன்ல நர்ஸ். போன வருஷம் போட்டேன், பேர் சொல்லல, பெரிய கம்பெனிதான். எனக்கு ஈவினிங் ஷிப்ட், 11:30க்கு முடியும். அடுத்து வர்றவங்களுக்கு பேஷண்ட் விவரம் சொல்லி, சார்ட் முடிச்சு, பார்க்கிங் கராஜ்ல அஞ்சாவது மாடில இருந்து சுத்திச் சுத்தி இறங்கி வெளிய வரும்போது 12 தாண்டிடும். அந்த டப்பா கணக்குல ராத்திரி 12ல இருந்து 4 வரைக்கும் 'ஆபத்தான நேரம்'. வாரத்துல அஞ்சு நாள் எனக்கு ஆபத்தான நேரம்! ரோட்ல ஒரு ஈ காக்கா இருக்காது, நான் 55ல வலது லேன்ல போயிட்டு இருப்பேன், ஆனா ஸ்கோர்ல மைனஸ். கால் பண்ணி நான் ஆஸ்பத்திரில வேலை பாக்குறேன், குடிச்சிட்டு வர்றவ இல்லைன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு பாவம், ரொம்ப நல்லா பேசினா, "சிஸ்டம் நேரத்தை மட்டும்தான் மேடம் பாக்கும்"னா. அப்பீல் பண்ண இடமே இல்ல.

கடைசில எவ்வளவு குறைஞ்சதுன்னா 2 பர்சன்ட். ஏறல, அதுவரைக்கும் சந்தோஷம். பனைமரத்தடில பால் குடிச்ச கதைதான், நான் குடிச்சது பால்னு யார்கிட்ட போய் சொல்றது.

கணக்குப்பிள்ளை

நான் இந்த இண்டஸ்ட்ரி ஆள்தான், கனெக்டிகட்ல அக்சுவரி வேலை (யாருக்கு எவ்வளவு ரிஸ்க்னு கணக்குப் போடுறது), டப்பா விக்கிற டிபார்ட்மென்ட் இல்ல. திட்டறதுக்கு முன்னாடி முழுசா படிங்க.

இது புதுசு இல்ல. 1990கள் கடைசிலயே ப்ரோக்ரெஸிவ்ங்கற இன்சூரன்ஸ் கம்பெனி டெக்சாஸ்ல ஜிபிஎஸ் வச்சு சோதனை பண்ணிப் பாத்தாங்க, அப்ப செலவு கட்டுப்படியாகல. அப்புறம் போர்ட்ல சொருகற டப்பா மலிவாச்சு, ஸ்னாப்ஷாட்னு பேர் வச்சு நாடு முழுக்க வித்தாங்க, மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க. ராத்திரி நேரத்துல ஓடற ஒவ்வொரு மைலுக்கும் மோசமான விபத்து அதிகங்கறது உண்மை. அதுல குடிச்சவன் எத்தனை பேர், நர்ஸ் எத்தனை பேர்னு டப்பாவுக்குத் தெரியாது. மேடம் சொல்றது நியாயம், நான் மறுக்கல.

ஆனா டப்பா இல்லைன்னா உங்க ரேட்டை எதை வச்சு போடுறாங்கன்னு நினைக்கறீங்க? வயசு, ஜிப் கோடு, கல்யாணம் ஆச்சா, எல்லாத்துக்கும் மேல கிரெடிட் ஸ்கோர். கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் மாதிரி சில ஸ்டேட்ல மட்டும்தான் கார் இன்சூரன்ஸுக்கு கிரெடிட் பாக்கக் கூடாது, டெக்சாஸ்ல பாக்கலாம். நேத்து எச்1பி வேலை விசால வந்து இறங்கின பையன் ஊர்ல பத்து வருஷம் கார் ஓட்டியிருப்பான், இங்க அவனுக்கு கிரெடிட்டும் கிடையாது, டிரைவிங் ரெக்கார்டும் கிடையாது, கண்ணை மூடிட்டு அதிக ரேட் போடுவாங்க. அவன் எப்படி ஓட்டறான்னு பாத்து ரேட் போடுற ஒரே வழி இந்த டப்பாதான். உங்க கிரெடிட் கார்டு பில்லைப் பாத்து ரேட் போடுறதை விட உங்க பிரேக்கைப் பாத்து போடுறது மேல்னு நான் நினைக்கறேன்.

மஞ்ச_லைட்

பிரேக்கைப் பாத்தா? அங்கதான் சார் வயித்தெரிச்சலே. ஒரு வினாடில 7 மைல் வேகம் குறைஞ்சா 'ஹார்ட் பிரேக்', பீப்னு கத்தும். எங்க வீட்டுப் பக்கம் 45 ரோடு, சிக்னல் மஞ்சளுக்கு மாறுது, நான் நிறுத்தலாமா போயிடலாமாங்கற எடத்துல இருக்கேன். நிறுத்தினா பீப். மிதிச்சு கிராஸ் பண்ணிட்டா அந்தப் பெட்டிக்கு ஒண்ணுமே தெரியாது, ஏன்னா சிக்னல் என்ன கலர்னு அதுக்குக் கண்ணு இல்ல. ஒரு மாசம் ஓட்டிட்டு நான் என்ன பழகினேன்னா, மஞ்சள்ல போயிடறது. டிஸ்கவுண்ட் வந்துச்சு, நல்ல டிரைவர்னு பட்டமும் குடுத்தாங்க. என் பொண்டாட்டி அதுக்கப்புறம் என் கார்ல ஏறவே யோசிக்கறா.

கணக்குப்பிள்ளை

@மஞ்ச_லைட் சரியா ஓட்டறவன் அவ்வளவு கிட்ட வரைக்கும் வேகமா வரமாட்டான்னு எங்க ஆளுங்க சொல்வாங்க. ஒரு ஆளோட ஒரு பிரேக்குக்கு அர்த்தம் கிடையாது, லட்சம் பேரோட கோடிக்கணக்கான பிரேக்கை வச்சுப் பாத்தா அடிக்கடி போடுறவன் அடிக்கடி இடிக்கறான், அதுதான் கணக்கு.

எடிசன்_மாமா

லட்சம் பேர் கணக்கு உங்களுக்கு சரி, பில் வர்றது எனக்கு ஒருத்தனுக்குதானே.

பாலோ_ஆல்டோ_பரமு

நாங்க தப்பிச்சோம். கலிபோர்னியால 1988ல ஓட்டுப் போட்டு கொண்டு வந்த ப்ராப் 103 சட்டப்படி முதல்ல டிரைவிங் ரெக்கார்டு, அடுத்து வருஷத்துக்கு எத்தனை மைல், அடுத்து எத்தனை வருஷ அனுபவம், இந்த வரிசைலதான் ரேட்டுக்கு எடை. டப்பா வச்சாலும் மைலை மட்டும்தான் எண்ணலாம், பிரேக், நேரம் எதையும் ரேட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது. நான் வீட்ல இருந்தே வேலை, வருஷத்துக்கு 4,000 மைல் கூட ஓடாது, எனக்கு அது லாபம். ஆனா இங்க பிரீமியம் கம்மின்னு யாரும் கிளம்பி வந்துடாதீங்க, காட்டுத்தீக்கு அப்புறம் வீட்டு இன்சூரன்ஸ் கிடைக்கறதே குதிரைக்கொம்பு.

ஹாரோ_அண்ணை

இஞ்ச லண்டன்ல இது பெரிய கதை. 2012 டிசம்பர்ல இருந்து ஆம்பிளை பொம்பிளை எண்டு பாத்து பிரீமியம் போடக்கூடாது எண்டு ஐரோப்பிய கோர்ட் சொல்லிப் போட்டுது. அதுக்குப் பிறகு இளம் பெடியளுக்கெல்லாம் 'பிளாக் பொக்ஸ்' பூட்டுறதுதான் வழமை. என்ர மகளுக்கு 18 வயசு, பழைய கோர்சா ஒண்டு. பொக்ஸ் இல்லாமல் கேட்ட காசுக்கு அந்தக் காரையே இன்னொண்டு வாங்கலாம். பூட்டினம். இரவு 11 மணிக்குப் பிறகு ஓடினால் புள்ளி குறையும். ஒருநாள் சித்தப்பான்ர வீட்டுப் பூப்புனித நீராட்டு விழா முடிஞ்சு வரேக்க நேரம் போட்டுது, பிள்ளை காரை அங்கயே விட்டுட்டு எங்களோட வந்திட்டாள். அடுத்த நாள் காலமை நான் பஸ்ஸில போய் காரை எடுத்து வந்தன்.

உங்கட ஊர்ல டிஸ்கவுண்ட் குறையிறதோட விடுறாங்கள். இஞ்ச கனக்க ஸ்பீட் போனால் பொலிசியையே கான்சல் பண்ணுவாங்கள், ஒருக்கா கான்சல் ஆனால் பிறகு எந்தக் கொம்பனிக்குப் போனாலும் அதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் ஒண்டு சொல்லோணும், பிள்ளை நல்லா ஓடப் பழகியிட்டாள். அது பொய்யில்லை.

கேபிள்_குமார்

டேட்டா போறது ஒரு பிரச்சனைன்னா உள்ள எவன் வருவாங்கறது இன்னொண்ணு. நான் செக்யூரிட்டி வேலை பாக்குறவன், எனக்கு தூக்கம் போனது 2015ல. அந்த வருஷம் ஜனவரில ஒரு ஆராய்ச்சியாளர் தன்னோட டொயோட்டா டன்ட்ராவுல ஸ்னாப்ஷாட் டப்பாவை மாட்டி பிரிச்சுப் பாத்து, இதுல பாதுகாப்புன்னு சொல்ல ஒண்ணுமே இல்லன்னு சொன்னார். அதே வருஷம் ஆகஸ்ட்ல யுசி சான் டியாகோ யுனிவர்சிட்டி ஆளுங்க, மைல் கணக்குல பணம் வாங்கற ஒரு இன்சூரன்ஸ் குடுத்த டப்பாவுக்கு வெறும் எஸ்எம்எஸ் அனுப்பி, ஒரு கார்வெட்ல வைப்பரை ஆட வச்சு, மெதுவா போறப்போ பிரேக்கை வேலை செய்யாம பண்ணிக் காட்டினாங்க. கம்பெனி ஓட்டையை அடைச்சாங்க, சரி. ஆனா போர்ட்ல உக்காந்த எந்தப் பெட்டியும் காரோட நரம்புல கை வச்சிட்டுதான் இருக்கு.

பானெட்_திற

@கேபிள்_குமார் உண்மை. புது மாடல் சிலதுல அந்தப் போர்ட்டுக்கும் உள்ள இருக்கிற நெட்வொர்க்குக்கும் நடுவுல ஒரு வாட்ச்மேன் வச்சிருக்காங்க, கேம்ரி வருஷத்துலதான் சந்தேகம். இன்னொண்ணு, இப்ப நிறைய கம்பெனி டப்பாவையே விட்டுட்டு போன் ஆப்புக்குப் போயிட்டாங்க. 2022ல 3ஜி மூடினதோட பழைய டப்பாங்க செத்துப் போச்சு, போனுக்கு சிம் செலவும் அவனுக்கு இல்ல பாருங்க.

பழைய_போல்ட்

இங்க எல்லாரும் டப்பா போடலாமா வேணாமான்னு பட்டிமன்றம் நடத்துறீங்க, கார் ஏற்கனவே பேசிட்டு இருக்கு. 2024 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ்ல வந்துச்சே. சியாட்டில் பக்கம் செவி போல்ட் வச்சிருந்த ஒருத்தருக்கு பிரீமியம் 21 பர்சன்ட் ஏறுது, டப்பாவும் இல்ல, ஆப்பும் இல்ல. காரணம் கேட்டா லெக்ஸிஸ்நெக்ஸிஸ்ங்கற டேட்டா கம்பெனியோட ரிப்போர்ட்னு சொல்றாங்க, எழுதிக் கேட்டு வாங்கினா 258 பக்கம். ஆறு மாசத்துல அவரும் மனைவியும் போன 640 ட்ரிப், எப்ப கிளம்பினாங்க, எத்தனை மைல், எத்தனை சடன் பிரேக், எல்லாம். செவி பண்ற ஜி.எம். கம்பெனியோட ஆன்ஸ்டார் சர்வீஸ்ல 'ஸ்மார்ட் டிரைவர்'னு ஒரு வசதி, அது வழியா போயிருக்கு. அந்த மாசமே நிறுத்திட்டோம்னு ஜி.எம். சொன்னாங்க, ஆகஸ்ட்ல நம்ம டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் கேஸ் போட்டார், 2025 ஜனவரில நுகர்வோர் விஷயத்தைப் பாக்குற மத்திய அமைப்பு எஃப்டிசியும் கை வச்சுது, மூணு வினாடிக்கு ஒரு தடவை கூட லொகேஷன் எடுத்தாங்கன்னு அவங்க குற்றச்சாட்டு.

அதே ஜனவரில டெக்சாஸ் ஆல்ஸ்டேட் இன்சூரன்ஸ் மேலயும் அதோட அரிட்டி கம்பெனி மேலயும் கேஸ் போட்டுச்சு. பெட்ரோல் விலை பாக்குற ஆப், குடும்பத்துல யார் எங்க இருக்காங்கன்னு பாக்குற ஆப், இதுக்குள்ள எல்லாம் கோடு வச்சு 4.5 கோடி பேரோட நடமாட்டத்தை சேத்தாங்கன்னு மனுல இருக்கு. மூணு சென்ட் மிச்சம் பண்ண பெட்ரோல் ஆப் போட்டது நான்தான், என்னைச் சொல்லணும்.

@பிளேனோக்காரன் டப்பா போடுறீங்களோ இல்லையோ, லெக்ஸிஸ்நெக்ஸிஸ்ல உங்க ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம், சட்டப்படி குடுக்கணும்.

கோவை_மனோ

ஊர்லயும் வந்துடுச்சுங்க. 2022 ஜூலைல இன்சூரன்ஸை கண்ட்ரோல் பண்ற ஐஆர்டிஏஐ அனுமதி குடுத்தாங்க, எவ்வளவு ஓட்டறீங்க, எப்படி ஓட்டறீங்கன்னு பாத்து பிரீமியம் போடலாம்னு. நான் எடுத்தது கிலோமீட்டர் பிளான், ஓடோமீட்டரை போட்டோ எடுத்து அனுப்பினா போதும், டப்பா கிப்பா கிடையாது. தேர்டு பார்ட்டி ரேட் கவர்மென்ட் போடுறது, அதுல ஒரு பைசா குறையாது, சொந்த டேமேஜ் பகுதில மட்டும்தான் குறையும். பிரேக்கை எண்ணுற திட்டம் அவினாசி ரோட்டுக்கு வந்தா அந்தப் பெட்டி ஒரு வாரத்துல அழுதுரும்ங்க.

புது_ஆளு

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன அந்த எச்1பி பையன் நான்தான், ஆஸ்டின், வந்து ஏழு மாசம் ஆச்சு. டப்பா போட்டேன், 22 பர்சன்ட் குறைஞ்சது. ஆபீஸ் மூணு மைல், வீக்கெண்ட் கோயில், காஸ்ட்கோ, அவ்வளவுதான் என் உலகம். ஒளிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல.

ராத்திரி_ஷிப்ட்

@புது_ஆளு தம்பி, சந்தோஷம். நைட் ஆன்-கால் வேலை ஒண்ணு வரட்டும், அப்ப பேசுவோம். ஒளிக்கறதுக்கு என்கிட்டயும் ஒண்ணும் இல்ல. ஊர்ல எங்க தெரு அண்ணாச்சி கடைல கணக்கு நோட்டு ரெண்டு இருக்கும், ஒண்ணு அவர்கிட்ட, ஒண்ணு எங்கம்மாகிட்ட. அவர் எழுதும்போது அம்மாவோடதுலயும் எழுதிக் குடுத்தாத்தான் கடன். இங்க ஒரே நோட்டு, அதுவும் அவன்கிட்ட. எந்த ராத்திரிக்கு எத்தனை மார்க் குறைச்சான்னு காட்டினா நான் ஏன் கத்தப் போறேன்?

கணக்குப்பிள்ளை

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல மேடம். ரேட்டை ஸ்டேட்ல ஃபைல் பண்றாங்க, ஆனா ஸ்கோர் போடுற மாடலை வியாபார ரகசியம்னு சொல்லி மூடி வச்சுக்கறது வழக்கம். நான் உள்ள இருக்கேன், என் சொந்த கார் ஸ்கோர் எப்படி வந்துச்சுன்னு என்னாலயே பாக்க முடியாது.

பிளேனோக்காரன்

எல்லாருக்கும் நன்றி, லேட்டா வர்றேன், ஆனா சும்மா வரல. சொன்னா திட்டுவீங்க, கேம்ரில போட்டுட்டேன். அஞ்சு மாசம் ஆச்சு.

முதல் வாரமே வீட்ல ஒரு விளையாட்டு ஆயிடுச்சு. பின் சீட்ல என் பொண்ணு, ஆறு வயசு, பீப் அடிச்சா உடனே "அப்பா ஒண்ணு!"ங்கறா. ராத்திரி பாட்டிக்கு வீடியோ கால்ல "இன்னிக்கு அப்பா மூணு பீப்"னு ரிப்போர்ட். எங்கம்மா, அது என்ன மிஷினுப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க, அவங்களுக்கு பிபி மெஷின் ஞாபகம்.

என்கிட்ட டேஷ்கேம் இருக்கு, ஜிபிஎஸ் ஸ்பீடோட ரெக்கார்டு ஆகும். நர்ஸ் மேடம் ரெண்டாவது நோட்டுன்னு சொன்னது மண்டைல ஏறிடுச்சு. வெப்சைட்ல ஒவ்வொரு ஹார்ட் பிரேக்குக்கும் தேதி, நேரம் காட்டுது, ஒரு மாசத்துக்கு 13 இருந்துச்சு, அத்தனைக்கும் வீடியோ எடுத்து உக்காந்து பாத்தேன். டப்பா பொய் சொல்லல. ஒரு செவ்வாக்கிழமை காலைல 8:12க்கு ஒண்ணு காட்டுது, வீடியோல 41ல இருந்து 33க்கு ஒரே வினாடில இறங்குது, கரெக்ட். 635 ஹைவே எக்ஸிட்ல ஒரு பிக்கப் ட்ரக் இண்டிகேட்டர் கூட போடாம மூணு லேன் தாண்டி என் மூக்கு முன்னாடி வந்து நுழையறான், நான் பிரேக் போடலைன்னா இன்னிக்கு இதை டைப் பண்ணிட்டு இருக்க மாட்டேன். அவன் ஸ்மூத்தா எக்ஸிட் எடுத்துப் போயிட்டான், அவன்கிட்ட டப்பா இருந்தா அன்னிக்கு அவனுக்கு சுத்தமான நாள்.

13ல ஆறு இந்த மாதிரி உள்ள நுழைஞ்ச கேஸ். மூணு மஞ்சள் லைட். ஒண்ணு ஸ்கூல் பஸ், சிவப்பு லைட் போட்டு ஸ்டாப் போர்டை நீட்டிடுச்சு, நிக்கலைன்னா டிக்கெட். ஒண்ணு நாய். மிச்சம் ரெண்டும் என் தப்புதான், ஒண்ணுல போன் அடிக்குதேன்னு கீழ குனிஞ்சிருக்கேன், இன்னொண்ணுல சும்மா முன்னாடி கார் பின்னாடி ஒட்டிப் போயிருக்கேன். அந்த ரெண்டையும் பாத்ததுல எனக்கே கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

வீடியோவை ஏஜென்டுக்கு அனுப்பறேன்னேன். "எங்களுக்கு அதைப் போட இடம் இல்ல சார்"னார்.

நேத்து ரெனியூவல் வந்துச்சு. தூண்டில்ல மாட்டின 10 பர்சன்ட் போயி 4 பர்சன்ட், 76 டாலர். அதே சாயந்திரம் வேற ரெண்டு இடத்துல ரேட் கேட்டேன், ஒருத்தன் டப்பா இல்லாம, அதே கவரேஜுக்கு, ரெண்டு காருக்கும் சேத்து 1,560ங்கறான். எடிசன் மாமா சிரிக்கறது இங்க வரைக்கும் கேக்குது. பழைய_போல்ட் சொன்ன ரிப்போர்ட்டும் எழுதிக் கேட்டிருக்கேன், இன்னும் வரல.

எடிசன்_மாமா

சிரிக்கலப்பா. புதுசா போற இடத்துல ஆப் போடச் சொல்றானான்னு பாரு, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி.

பிளேனோக்காரன்

கேட்டேன் மாமா. "ஆப்ஷனல்தான் சார்"ங்கறார்.

டப்பாவைக் கழட்டிட்டேன், கழட்டின பத்தாவது நிமிஷம் எஸ்எம்எஸ். ஸ்டாம்ப் ஒட்டின கவர் ஒண்ணு அனுப்பியிருந்தாங்க, அதுல போட்டு திருப்பி அனுப்பலைன்னா அதுக்கும் பில் போடுவாங்களாம். ரெண்டு நாளா பாசஞ்சர் சீட்லயே கிடக்கு, போஸ்ட் ஆபீஸ் போக நேரம் இல்ல. இப்ப நான் பிரேக் போட்டா பொண்ணே வாயால "பீப்"ங்கறா.

மஞ்ச_லைட்

போஸ்ட் ஆபீஸ் போறப்போ மெதுவா போங்க, கவருக்குள்ள இருந்தும் எண்ணும்.

பானெட்_திற

எண்ணாது. பின் 16ல கரண்ட் இல்லாம அது வெறும் பிளாஸ்டிக். அப்புறம் அந்த போர்ட் மூடியைத் தொலைச்சிடாதீங்க, நிறைய பேர் கப் ஹோல்டர்ல போட்டுட்டு மறந்துடறாங்க.